அத்தை போடாத கையெழுத்து

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பித் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஓய்வு பெறுகிறவர், வேறு கம்பெனிக்குப் போகிறவர், உடம்பு முடியாமல் நின்றுகொள்கிறவர் என்று எல்லோரும் கடைசியாக வந்து உட்காரும் நாற்காலி என் மேசைக்கு எதிரில்தான் கிடக்கிறது. கடைசி மாதச் சம்பளம், எடுக்காத லீவுக்கான பணம், போனஸ், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் கூட்டி, வாங்கிய அட்வான்ஸைக் கழித்து, ஒரு தாளில் போட்டு அவர்கள் பக்கம் திருப்பி வைப்பேன். தாளின் தலையில் 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக இருக்கும்.

அதைப் பேட்டையில் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. ஆபீஸில் 'எஃப் அண்ட் எஃப்'. ஃபர்னஸ் பக்கம் வேலை செய்கிறவர்கள் "அவனுக்கு ஃபைனல் ஆயிடுச்சி" என்பார்கள். புதிதாகக் கேட்கிறவருக்கு, ஆளே போய்விட்டாரோ என்று பக்கென்றிருக்கும். வடக்கேயிருந்து வந்திருக்கும் ஆட்கள் 'ஹிசாப்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பழைய ஆட்களுக்கு 'பைசல்'.

கம்பி உருட்டும் பிரிவில் இருந்த ஒருவர் ஒருமுறை தாளைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஃபுல்லுனு சொல்லிட்டீங்க. அப்பால இன்னாத்துக்கு மேடம் ஃபைனலு? ரெண்டும் ஒண்ணு தானே?"

அதுவரை நானும் அதை யோசித்ததில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"ஃபுல்லுன்னா, உங்களுக்கு வர வேண்டியது எல்லாம் இதுல வந்துடுச்சி, எதுவும் விட்டுப் போகலன்னு அர்த்தம். ஃபைனல்னா, இதுக்கு அப்புறம் நீங்க கம்பெனிய கேக்க முடியாது, கம்பெனியும் உங்கள கேக்க முடியாது."

"அப்ப செட்டில்மெண்ட்டு?"

"ரெண்டு பேரும் ஒத்துக்கினு முடிச்சிக்கறது. ஒருத்தர் மட்டும் சொன்னா அது செட்டில்மெண்ட் ஆகாது."

"நான் ஒத்துக்கலன்னா?"

"கையெழுத்து போடாதீங்க."

அவர் சிரித்துவிட்டார். பிறகு ஒவ்வொரு வரியாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எதிரில் உட்காருகிற எல்லோருக்கும் இதே விளக்கத்தைத்தான் சொல்லிவருகிறேன். குரலை எங்கே இறக்க வேண்டும், எங்கே அவர்கள் கேள்வி கேட்பார்கள் என்பதுகூட எனக்குப் பழகிவிட்டது.

அதே ஆங்கிலச் சொற்கள் பிறகு என் சொந்தத் தாளிலும் வந்தன.

நான் திருப்பாச்சூரில் பிறந்தவள். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் இதே பேட்டையில்தான் வேலை, ஒரு கெமிக்கல் கம்பெனியில். வீட்டில் நெல் போடுகிற நிலம் இருந்தது. மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். ஆக, அவர், நான், அவருடைய அம்மாவான அத்தை மூன்று பேர்.

எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. சென்னையில் ஆஸ்பத்திரி, திருப்பதியில் ஆஸ்பத்திரி என்று அலைந்தோம். ஒரு கட்டத்தில் இருவருமே அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டோம். அதோடு மற்றதைப் பற்றிப் பேசுவதும் குறைந்துபோனது. அவர் குஜராத்தில் ஒரு வேலை கிடைத்துப் போனார். லீவில் வருவார். வந்தால் மாட்டுக்கொட்டகையைச் சரிசெய்வார், மோட்டாரைப் பார்ப்பார், கிளம்பிவிடுவார். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் செய்ய யாராவது வந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது.

அந்த வருடங்களில் நான் குடும்பம் நடத்தியது அத்தையோடுதான். விடிவதற்கு முன்பே எழுந்து எனக்குச் சோறு கட்டிவிடுவார். நான் தலைவாரி முடிப்பதற்குள் ரோட்டுக்குப் போய் நின்றுகொள்வார். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் நடுரோட்டுக்கே இறங்கிக் கையைக் காட்டி நிறுத்தி, "தோ வந்துகினே கீறா, செத்த இரு நைனா" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். நான் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். பஸ்ஸில் எல்லோரும் சிரிப்பார்கள். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினால் அதே இடத்தில் நிற்பார். வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் ஊர்க்கதை. யார் வீட்டு மாடு யார் வயலில் மேய்ந்தது, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று எல்லாம் எனக்கு அத்துப்படி.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பெட்டியில் ஒரு பத்திரம் வைத்திருந்தார். மாமனார் இறப்பதற்கு முன், வீட்டையும் கிணற்று மேட்டு நிலத்தையும் அத்தை பெயருக்கு எழுதிவைத்த செட்டில்மெண்ட் பத்திரம். எங்கள் பக்கத்தில் செட்டில்மெண்ட் என்றால் அதுதான்: பணம் வாங்காமல், விற்காமல், சொந்தத்துக்குச் சும்மா எழுதிக்கொடுப்பது. அதில் 'அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு' என்று ஒரு வரி வரும். எல்லாப் பத்திரத்திலும் அந்த வரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாமனாரே உட்கார்ந்து யோசித்து எழுதியதாக அத்தை நம்பிக்கொண்டிருந்தார். மழை பெய்து வெளியே போக முடியாத நாட்களில் பத்திரத்தை எடுத்து வந்து, "அந்த எடத்த படி" என்பார். படிப்பேன். "பேசவே மாட்டாரு மனுசன். எழுதி வெச்சிட்டுப் பூட்டாரு பாரு" என்பார்.

ஒரு லீவில் வந்திருந்தபோது அவரும் நானும் ஊத்துக்கோட்டையில் பஸ் இறங்கி ஆரணியாற்றுப் பாலத்தில் நடந்து வந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. நடுப்பாலத்தில் அவர் நின்றார்.

"ரெண்டு பேரும் சும்மா பேஜாரு பட்டுக்கினு கீறோம். விட்டுடலாமா?"

அவர் குரலில் கோபமில்லை. சுமையோடு வெகுதூரம் வந்தவர் கேட்பது போல் இருந்தது. நானும் "ம்" என்றேன். ஒரு கணம் நெஞ்சு லேசாகிவிட்டது. அழுகை அப்புறம், வீட்டுக்கு வந்து அத்தை தட்டில் சோறு போட்டபோதுதான் வந்தது. காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

"அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன். நீ எதுவும் சொல்லாத" என்றார் அவர். சரி என்றேன். ஷிஃப்ட் மாறிவிட்டது என்று அத்தையிடம் காரணம் சொல்லி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தேன்.

இருவரும் சம்மதித்துப் பிரிகிற மனு. திருவள்ளூர் கோர்ட்டில் போட்டோம். எனக்காகப் பார்த்த வக்கீல் அம்மா மனுவை என்னிடம் நீட்டி, "நீங்களே படிச்சுப் பாருங்க, உங்க வேலையே இதுதானே" என்றார். படித்தேன். நகையும் சீர்ப்பாத்திரமும் மாடி அறைக்குக் குடிவந்தபோதே என்னோடு வந்துவிட்டன. வேறெதுவும் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். அதற்கடுத்த பத்தியில் அந்த வரி இருந்தது. முன்பு இருந்ததும், இப்போது இருப்பதும், இனி வரப்போவதுமான எல்லாக் கோரிக்கைகளுக்கும் இது ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட் என்று. கம்பெனித் தாளில் இந்த 'இனி வரப்போவதும்' கிடையாது. அதை இரண்டு முறை படித்தேன். பக்கத்துப் பத்தியில் எங்கள் ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கடைசி வாய்தா அமாவாசையன்று வந்தது. பெருமாள் கோயில் குளத்துக்கு வந்த கூட்டத்தில் திருவள்ளூரே திணறிக்கொண்டிருந்தது. நோய் கரைய வேண்டும் என்று குளத்தில் வெல்லம் போடுவார்கள். எங்கள் வேலை கோர்ட்டில் சீக்கிரமே முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் அவர், "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டார். இல்லையென்றேன். ஒரு ஓட்டலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். எனக்குக் காரச்சட்னி பிடிக்காதென்று அவரே சர்வரிடம் சொன்னார். பிறகு அவர் ஸ்டேஷன் பக்கம் போனார். நான் அண்ணன் வீட்டுக்குத் திருப்பாச்சூர் பஸ் ஏறினேன்.

சில நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"நல்லதுன்னாங்க. அவ்ளோதான். நானே ஆடிப் பூட்டேன்."

நல்லது. அந்த ஒரு சொல் என்னைத் தாக்கியது போல் கோர்ட்டில் படித்த எந்த வரியும் தாக்கவில்லை. அவர் போனால் போகட்டும், அத்தையும் இப்படி 'நல்லது' என்று முடித்துவிட்டாரா? பஸ்ஸை மறித்து நிறுத்தியதெல்லாம் மகனுடைய மனைவி என்பதற்காக மட்டும்தானா? இவளுக்குக் குழந்தையில்லை, போனது நல்லது என்று உள்ளுக்குள் இருந்திருக்குமோ? மாடி அறையில் உட்கார்ந்து இப்படியே யோசித்துக்கொண்டிருப்பேன். அத்தைக்குப் போன் செய்யவில்லை. அவருக்குத் தானாகப் போன் போடத் தெரியாது; யாராவது போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஒருநாள் காலை கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார்.

"மேடம், உங்க மாமியாருன்னு ஒருத்தங்க வந்துக்கீறாங்க."

ஓடினேன். ஏற்றி வந்த பழைய இரும்பை இறக்குவதற்கு லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய துணிப்பையை இடுப்பில் அணைத்தபடி அத்தை நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாம்மா, இப்டி எளச்சிப் பூட்ட? ஓட்டல்ல துன்றியா?"

எதிர்சாரியில் தகரக் கூரை போட்ட டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து, ரகசியம் போலக் கேட்டார்.

"எந்த நெலத்த எழுதினான்?"

"இன்னா நெலம்?"

"அதான், செட்டில்மெண்டு போட்டாச்சுன்னு போன்ல சொன்னானே. அவளுக்கும் எனக்கும் செட்டில்மெண்டு ஆயிடுச்சிம்மான்னான். நல்லது நைனான்னேன். எந்த நெலம்னு கேக்கறதுக்குள்ள கட்டாயிடுச்சி. ரோட்டோர நெலமா? அவங்கப்பன் எனக்கு எழுதி வெச்ச மாரியே, புள்ளையும் பொண்டாட்டிக்கு எழுதிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறேன். அதான் ஒன்னிய பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

டீ வந்தது. நான் வாங்கிப் பெஞ்சில் வைத்தேன். இத்தனை நாள் எனக்குள் கொதித்துக்கொண்டிருந்த அந்த 'நல்லது' அப்படியே இறங்கிப் போனது. அந்த இடத்தில் அதைவிடக் கஷ்டமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இதை நான்தான் சொல்ல வேண்டும்.

"நெலம் இல்ல அத்தே."

"அப்ப ஊடா? ஊடு எம்பேர்ல இல்ல கீது?"

"ஊடும் இல்ல. நானும் அவரும் பிரிஞ்சிட்டோம். கோர்ட்ல எழுதிக் குடுத்துட்டோம். அதுக்குப் பேரும் செட்டில்மெண்ட் தான்."

அத்தை என் முகத்தையே பார்த்தார். புரியாமல் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, என் முகத்தில் அடி, காயம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

"அடிச்சானா?"

"இல்ல அத்தே. அவர் நல்லவர்தான்."

"அங்க வேற யாராச்சும்..."

"அப்பிடியும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒட்டல."

லாரிக்காரர்கள் டீ குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அத்தையின் டம்ளரில் ஆடை படிந்தது.

"அந்தப் பேப்பர்ல இன்னா எழுதிக்கீது? சொல்லு. நீ தான எல்லாருக்கும் படிச்சி சொல்றவ."

நான் தினமும் சொல்கிற அதே விளக்கத்தை ஆரம்பித்தேன். ஃபுல் என்றால் எல்லாம் கொடுத்தாயிற்று. ஃபைனல் என்றால் இதற்குப் பிறகு அவரை நான் எதுவும் கேட்க முடியாது, என்னை அவர் எதுவும் கேட்க முடியாது. ஆபீஸில் தடங்கலில்லாமல் வருகிற வாக்கியம், அன்று பாதியில் நின்று நின்று வந்தது. இனி வரப்போவதற்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது என்று சொல்லும்போது டம்ளரைப் பெஞ்சில் தள்ளி வைத்தேன்.

"யார் யார் கையெழுத்துப் போட்டீங்க?"

"அவரும் நானும்."

"என்னிய யாரும் கேக்கலியே."

"உங்களக் கேக்கணும்னு சட்டத்துல இல்ல அத்தே."

"கேக்கலன்னா நான் போடலன்னு தான அர்த்தம்? அவனும் நீயும் இன்னா வேணா முடிச்சிக்கோங்க. நான் எங்கியும் கைநாட்டு வெக்கல."

கோபமாகத்தான் சொன்னார். மகன் மேலா, என் மேலா, இப்படி ஒரு வார்த்தையை இரண்டு விஷயத்துக்கு வைத்தவர்கள் மேலா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மடியிலிருந்த பையைத் தூக்கி என் மடியில் வைத்தார். கனமாக இருந்தது.

"புது அரிசி. கெணத்து மேட்டுது. பழைய அரிசியோட கலந்துடாத. தண்ணி கம்மியா வை, கொழஞ்சிடும்."

பஸ் ஸ்டாண்டு வரை நான் கூடப் போனேன். பஸ் புறப்படும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அதன் பிறகு நான் போகலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது? அத்தையும் வரவில்லை. மழைக்காலம் பிறந்தது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், ஆரணியாற்றில் வெள்ளம், ஊத்துக்கோட்டைப் பக்கம் பஸ் ஓடவில்லை என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அத்தை நம்பருக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் மறுபடியும் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எங்கெங்கோ சுற்றிக்கொண்டு, கிடைத்த பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறி, கடைசிக் கொஞ்ச தூரம் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். அத்தை வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கேடும் இல்லை. கரண்ட் இல்லாததால் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"இந்த மழைல யாரு ஒன்னிய வரச் சொன்னது? ஆத்துல அடிச்சிக்கினு போயிருந்தா இன்னா பண்ணுவேன்?" என்று கத்தினார். கத்திக்கொண்டே உள்ளே போய் உலர்ந்த புடவையை எடுத்து வந்தார். அது என்னுடையது. நான் விட்டுவிட்டுப் போனதை மடித்து வைத்திருந்தார்.

வெள்ளம் வடிகிறவரை அங்கேயே தங்கினேன். எதிர்வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, கோர்ட்ல தீர்ந்துபோச்சின்னாங்க. மருமவ வந்துக்கீறா?"

அத்தை அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"அது அவங்க ரெண்டு பேருக்கும். எனக்கு ஒண்ணும் தீரல. நீ இன்னா வேணும்னு வந்த, அத சொல்லு."

அந்த அம்மா புளி கேட்டு வந்ததாகச் சொன்னார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊருக்குப் போவதும், நடுவில் அத்தை கும்மிடிப்பூண்டிக்கு வருவதும் வழக்கமாயிற்று. அத்தைக்குக் கண்ணில் புரை வந்தபோது திருவள்ளூரில் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனதும் நான்தான். கவுன்டரில் இருந்த பெண், "பேஷண்டுக்கு நீங்க இன்னா வேணும்?" என்று கேட்டாள். நாமினி பெயர் போடும்போது தினமும் அடுத்தவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு எழுதுகிறவள், கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தேன். பின்னாலிருந்து அத்தை, "மருமவ. எழுதிக்கோம்மா" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். கண்ணில் கட்டோடு அத்தை என் மாடி அறையில் இருந்த நாட்களில், சொட்டு மருந்து விடப் போனால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஏதாவது ஊர்க்கதையைக் கேட்டு, அவர் வாய் திறந்து சொல்ல ஆரம்பிக்கும்போது விட்டுவிட வேண்டும். இந்த வித்தை எனக்குத்தான் தெரியும் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இதற்கிடையில் ஒருநாள் மதியம் அவர் போன் செய்தார். எடுத்ததும் வெகுநேரம் வெயில், மழை என்று பேசினார். அப்போதே புரிந்துவிட்டது. குஜராத்தில் அவரோடு வேலை பார்க்கிற ஒரு பெண். சேலம் பக்கத்துக் குடும்பம், அங்கேயே வளர்ந்தவள். கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள்.

"நல்லா இருங்க" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

"அம்மாகிட்ட நீ கொஞ்சம் சொல்றியா? நீ சொன்னா கேப்பாங்க."

"அத நீங்க தான் சொல்லணும். இந்த வாட்டி தமிழ்லயே சொல்லுங்க."

முதலில் அவருக்குப் புரியவில்லை. அத்தை 'எந்த நெலம்' என்று கேட்டுக்கொண்டு வந்த கதையைச் சொன்னதும் சிரித்தார். நானும் சிரித்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அந்த வாரமே அத்தை வந்தார். படியேறிய மூச்சு அடங்கும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு, "அவன் கட்டிக்கப் போறானாம்" என்றார்.

"தெரியும் அத்தே."

"ஒனக்கு வலிக்கலியா?"

"கொஞ்சம்."

அத்தை எழுந்து அலமாரியில் எண்ணெய் பாட்டிலைத் தேடினார். என்னைக் கீழே உட்காரச் சொல்லித் தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நாற்பதைத் தாண்டிய என் தலையில் நரை எவ்வளவு கிடக்கிறது என்று திட்டிக்கொண்டே தேய்த்தார். கல்யாணத்துக்குப் போகப்போவதாகவும், போகாமல் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு மனசு கஷ்டப்படும் என்றும் சொன்னார். "போயிட்டு வாங்க" என்றேன். குஜராத்தில் குளிருமா என்று கேட்டார். என் ஸ்வெட்டரை எடுத்து அவர் பையில் வைத்தேன்.

பொங்கலுக்கு அவர்கள் இரண்டு பேரும் ஊருக்கு வந்தார்கள். அந்த வாரம் நான் போகவில்லை. அத்தையும் வா என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு பெண் குரல், தமிழைத் தேடித் தேடிப் பேசியது.

"அக்கா, நான் ஊர்லேர்ந்து பேசறேன். அவங்ககிட்ட கேட்டு நம்பர் வாங்கினேன். தப்பா நினைக்காதீங்க. அத்தைக்குச் சொட்டு மருந்து விடவே முடியல. கண்ணைத் திறக்க மாட்டேங்கறாங்க."

சாப்பாட்டுக் கையோடு எழுந்து ஜன்னலோரம் போனேன். பிறகு சொன்னேன்.

"ஊர்க்கத கேளும்மா. எதிர்வீட்டுல இன்னா சண்டைன்னு கேளு. சொல்ல ஆரம்பிப்பாங்க. அப்ப விட்டுடு."

"எனக்கு அவங்க சொல்றது பாதி புரியாதே அக்கா."

"புரிஞ்ச மாதிரி தலையாட்டு. போதும்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். வேலை செய்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்த நாளும் கூப்பிட்டாள், வேறெதற்கோ. அதற்கடுத்த நாள், அவர்கள் கிளம்புவதற்கு முன் ஒருமுறை வந்து சாப்பிட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டாள். "அத்தை கேக்கச் சொன்னாங்களா?" என்றேன். "இல்லக்கா, நான்தான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர்தான் வாசலில் மோட்டார் பம்புக்கு ஏதோ செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை 'வா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அந்த 'ங்க' எங்கள் இருவருக்கும் நடுவில் புதிதாகப் போட்ட ஒரு நாற்காலி மாதிரி நின்றது. வலித்தது. கூடவே, அது சரி என்றும் தோன்றியது. உள்ளேயிருந்து அத்தையின் சத்தம் வந்தது.

"யார்றா அது, வாங்க போங்கன்னுகினு கீற? ஊட்டுக்கு வந்த பொண்ண வெயில்ல நிக்க வெச்சிட்டு!"

அவர் வழிவிட்டு நகர்ந்தார். அந்தப் பெண் அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். மெலிந்த, பயந்த முகம். அத்தையின் பழைய நூல்புடவை ஒன்றைக் கட்டியிருந்தாள். சாம்பாருக்குப் போட்ட உப்பு போதுமா என்று பார்க்கச் சொல்லிக் கரண்டியை நீட்டினாள். உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் போடு. அத்தைக்கு உப்பு தூக்கலா இருக்கணும்" என்றேன்.

"எனக்கு எல்லாம் போதும்" என்று அத்தை அறையிலிருந்து குரல் கொடுத்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் உப்பு ஜாடியைத் திறந்தாள்.